காலை ஆறு மணி வயிற்றுக்குத்து: பாடசாலைக்குப் போகாத நாட்களை வாசிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தரம் 9. இரண்டு மாதமாக வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்தான் பாடசாலைக்குப் போகிறாள். காலையில் எழும்பும்போதே வயிற்றுக்குத்து, சில நாள் சத்தி. டொக்டரிடம் காட்டி இரத்தம், சலம் எல்லாம் பரிசோதித்தாயிற்று, ஒன்றும் இல்லையாம். சனி ஞாயிறு நன்றாக இருக்கிறாள். பின்னேர டியூஷனுக்கு மட்டும் மறுக்காமல் போகிறாள். அப்பா "நடிக்கிறாள்" என்கிறார், அம்மம்மா கண்ணூறு என்கிறார். "இழுத்துக்கொண்டு போய் விடுவதா, கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்பதா?" இதுதான் கேள்வி.

நான் கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் பதினெட்டு வருடம் படிப்பித்தவள். கடைசிப் பத்து வருடம் உளவளத்துணைக்கும் பொறுப்பாக இருந்தேன். வைத்தியர் இல்லை. ஆனால் பாடசாலைக்கு வராத பிள்ளைகளோடும் அவர்களுடைய அம்மாமாரோடும் கதைத்த மணித்தியாலங்களுக்குக் கணக்கில்லை. அந்த அனுபவத்தையும் வாசித்து அறிந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: இரண்டும் வேண்டாம். இழுத்துக்கொண்டு போனால் பிள்ளை இனி உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். விட்டுப் பிடித்தால், வீட்டில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அடுத்த நாளை இன்னும் கஷ்டமாக்கும். எதற்குப் பயந்து நிற்கிறாள் என்று இந்த வாரமே தேடத் தொடங்குங்கள். அது தெரியும் வரைக்கும் காத்திருக்காமல், ஒரு பாடவேளைக்காவது அவளைப் பாடசாலைக்குள் கொண்டுபோக வழி பாருங்கள்.

இனி விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் காலையை நான் பார்த்ததில்லை, ஆனால் அதைப் போல எத்தனையோ காலைகளை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தரைக்கு எழுப்புகிறீர்கள். ஆறே காலுக்கு வான் வந்து ஹோர்ன் அடிக்கிறது. பிள்ளை குளியலறைக்குள். கதவைத் தட்டினால் "ஏலாது அம்மா" என்று மட்டும் சத்தம் வருகிறது. திறந்து பார்த்தால் ஒரு காலுறை காலில், மற்றது கையில், முகம் வெளிறிப்போய் இருக்கிறது. இரண்டாவது ஹோர்ன். நீங்கள் பல்கனிக்குப் போய் "போங்கோ அண்ணா, இண்டைக்கு இல்லை" என்று கை காட்டுகிறீர்கள். வான் காலி வீதிப் பக்கம் திரும்புகிறது. பத்து நிமிடத்தில் பிள்ளையின் முகத்தில் நிறம் திரும்பி வருகிறது. ஏழரைக்கு உட்கார்ந்து நாலு இடியப்பம் சாப்பிடுகிறாள். அந்த இடியப்பத்தைப் பார்த்துத்தான் அப்பா "நடிப்பு" என்கிறார்.

அப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த இடியப்பம் வேறொன்றைச் சொல்கிறது. பயம் வரும்போது உடம்பு ஆபத்துக்குத் தயாராகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், வயிற்றுக்குப் போகிற இரத்தம் கை கால்களுக்குத் திருப்பப்படும், குடலின் அசைவு மாறும். குத்து, குமட்டல், சத்தி, அடிக்கடி கழிவறைக்கு ஓடுவது எல்லாம் அதில் இருந்து வருகிறவை. இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, ஆனால் வலி உண்மையான வலி. வான் போனதும் ஆபத்து போய்விட்டது என்று உடம்பு நினைக்கிறது. வயிறு அடங்குகிறது, பசிக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த நிம்மதிக்குள் ஒரு பொறி இருக்கிறது. "வீட்டில் நின்றால் வலி போகும்" என்று பிள்ளையின் மூளை அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பாடம் படித்துவிடுகிறது. அடுத்த நாள் வலி கொஞ்சம் முந்தி வரும். பிறகு ஞாயிறு இரவே வரும். இதற்கிடையில் கணிதத்தில் ஓர் அலகு போய்விடும், கூடப் படிக்கிறவர்கள் வேறு கூட்டாகச் சேர்ந்துவிடுவார்கள், "ஏன் வரேல்லை?" என்று முப்பத்தைந்து பேர் கேட்பார்கள் என்ற புதுப் பயமும் சேரும். முதலில் பாடசாலைக்குப் போகவிடாமல் பண்ணிய காரணம் சின்னதாக இருந்திருக்கலாம். இரண்டு மாதத்தில் போகாததே ஒரு காரணமாகிவிடுகிறது. பயத்தாலும் சோர்வாலும் பிள்ளை போகாமல் நிற்கிறாள், நின்றதால் பயமும் சோர்வும் கூடுகின்றன. பாடசாலை வரவுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு இப்படி இரண்டு பக்கமும் ஓடுகிறது.

இது போனுக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் மட்டும் உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். பாடசாலைக்கு அழைத்துப் போனால் அஞ்சி நடுங்கி, வீட்டில் விட்டால் அமைதியாகிவிடுகிற பிள்ளைகளைப் பற்றி பிரோட்வின் என்ற அமெரிக்க வைத்தியர் 1932இலேயே எழுதியிருக்கிறார். 1941இல் அதற்குப் 'பாடசாலை அச்சம்' என்று பெயர் வந்தது. இப்போது 'பாடசாலை மறுப்பு' என்கிறார்கள். எல்லாருக்கும் அச்சம்தான் காரணம் என்று சொல்ல முடியாததால் பெயர் மாறியது, மாறியது சரிதான்.

வரவில்லை என்றால் மனநோய் என்று பாய்ந்துவிடவும் கூடாது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குக் கண் திறந்தது. வட கரோலினாவில் 9 முதல் 16 வயது வரையான 1,422 பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பயத்தால் பாடசாலையை மறுத்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனநலக் கோளாறு ஒன்று இருந்தது. மறுக்காத பிள்ளைகளில் அது 7 சதவீதம் அளவுதான். பயந்து மறுப்பதும் வீட்டுக்குத் தெரியாமல் கட் அடிப்பதும் ஒன்றாகச் சேர்ந்திருந்த பிள்ளைகளில் 88 சதவீதம். மறுக்கிற பிள்ளைக்கு ஆபத்து பல மடங்கு கூட என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் திருப்பி வாசித்துப் பாருங்கள்: பயத்தால் மறுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு நோய் என்று எதுவும் இல்லை. அவர்களைப் பயமுறுத்தியது வகுப்பிலோ வானிலோ வீட்டிலோ நடந்த ஒன்றாக இருக்கலாம். அதைத் தேடாமல் மாத்திரை தேடினால் பிழை. அதே மாதிரி, நான்கில் ஒருவராக இருக்கக்கூடிய பிள்ளையைச் சோம்பேறி என்று தள்ளிவிட்டாலும் பிழை.

நான் அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். படிப்பிக்கத் தொடங்கிய வருடங்களில் ஒரு பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் "வீட்டில் செல்லம் அதிகம், ஒழுங்கீனமான வரவு" என்று என் கையால் எழுதினேன். தரம் 10இன் நடுவில் அந்தப் பிள்ளை நின்றே போய்விட்டாள். வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிய வந்தது. அதற்குப் பிறகு வரவு இடாப்பை நான் வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினேன்.

மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்று பார்ப்பதை விட, எந்த நாள் வரவில்லை என்று பாருங்கள். எங்களிடம் தரம் 8இல் ஒரு பையன் இருந்தான். மாதத்துக்கு நாலு நாள்தான் வராமல் விடுவான், யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இடாப்பின் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். ஏழு வாரம், ஏழு புதன்கிழமை. நேர அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், புதன் இரண்டாம் பாடவேளை ஆங்கிலம். வரிசையாக எழும்பிப் பந்தி பந்தியாக உரத்து வாசிக்க வேண்டும். பையனுக்குத் திக்குவாய். அந்த டீச்சர் தங்கமான மனுஷி, ஒரு நாளும் ஏசினதில்லை. வரிசை தன்னிடம் நெருங்கி வருவதை எண்ணிக்கொண்டு இருக்கும் அந்த ஏழெட்டு நிமிடம்தான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வரிசை வாசிப்பை விட்டுவிட்டு, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாசிக்க வைத்தார். திக்குகிற பிள்ளைகள் இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. புதன்கிழமைகள் திரும்பி வந்தன. பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகு.

ஆகவே நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது இது. சுவரில் தொங்கும் கலண்டரை எடுத்து, இரண்டு மாதமும் அவள் போகாத நாட்களை ஞாபகப்படுத்தி வட்டம் போடுங்கள். ஞாபகம் வராவிட்டால் வான்காரரைக் கேளுங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும். அவளுடைய நேர அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள். திங்கள்தான் கூடவா? விடுமுறைக்கு அடுத்த நாளா? தவணைப் பரீட்சைப் புள்ளிகள் கொடுத்த வாரமா? மாதத்தில் அதே நாலு நாளா? மாதவிடாய் வலியோடு, கதவு சரியாகப் பூட்டாத கழிவறை உள்ள பாடசாலைக்குப் போக வெட்கப்பட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேரையோ பார்த்திருக்கிறேன். காலையில் இருந்து ஒன்றரை வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. இதையெல்லாம் அவர்கள் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை.

உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிய துப்பாகத் தெரிவது டியூஷன். "கிளாசுக்குப் போக ஏலும், பாடசாலைக்கு மட்டும் ஏலாதா?" என்று அப்பா கேட்டிருப்பார். நல்ல கேள்வி, ஆனால் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் வராது. டியூஷனிலும் கணிதம்தான், பரீட்சைதான், அங்கே இருப்பதும் பிள்ளைகள்தான். அங்கே போக முடிகிறது என்றால், படிப்பைக் கண்டு அவள் ஓடவில்லை என்று ஊகிக்கலாம். டியூஷனில் இல்லாமல் பாடசாலையில் மட்டும் இருப்பது எது? இடைவேளை இருக்கிறது. இருபது நிமிடம் யாரோடு நிற்பது, யாரும் சேர்க்காவிட்டால் எங்கே நிற்பது? வான் இருக்கிறது, கழிவறை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் இருக்கலாம். வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வந்த ஒரு படம் காலையில் வகுப்பறையில் சிரிப்பாக மாறியிருக்கலாம். தரம் 9இல் படிக்கிற பெண் பிள்ளைகளிடையே அடிதடி குறைவு, ஒதுக்கிவைப்பதுதான் கூட. வெளியில் காயம் தெரியாததால் பெரியவர்கள் "சின்னச் சண்டை" என்று விட்டுவிடுகிறார்கள். டியூஷனை மட்டும் தண்டனையாக நிறுத்திவிடாதீர்கள். வெளியே போகிற பழக்கம் அவளுக்கு இப்போது அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேர்னி, சில்வர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் இதைத் தேடுவதற்கு ஒரு வழி சொன்னார்கள். பிள்ளைக்கு என்ன வியாதி என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் நிற்பதால் அவளுக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள் என்றார்கள். பாடசாலையில் ஏதோ ஒன்று தருகிற மனச்சங்கடத்தில் இருந்து தப்புகிறாளா? மற்றவர்கள் பார்க்க, மதிப்பிட இருப்பதில் இருந்தா? வீட்டில் யாரையாவது விட்டுப் பிரியப் பயமா? அல்லது வீட்டில் கிடைக்கிற சுகமா? மூன்றாவதை எங்கள் வீடுகளில் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குச் சுகமில்லை, அப்பா மத்திய கிழக்குக்குப் போய்விட்டார், வீட்டில் ஒவ்வொரு இரவும் சண்டை என்றால், "நான் இல்லாத நேரத்தில் வீட்டில் ஏதாவது நடந்துவிடும்" என்று காவலுக்கு நிற்கிற பிள்ளைகள் உண்டு. கேட்டால் வயிற்றுக்குத்து என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

நாங்கள் இதுவரை கதைத்தது ஒரு வகைப் பிள்ளையைப் பற்றி: பெற்றோருக்குத் தெரிந்தே, அழுதுகொண்டு நிற்கிறவள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்தில் நான் அதிகம் கண்டது வேறு. தம்பியைப் பார்க்க ஆளில்லை, சப்பாத்து கிழிந்துவிட்டது, பஸ் காசு இல்லை என்று வீட்டுக்காரரே நிறுத்திவைக்கிற பிள்ளைகள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது கூடியதை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பிள்ளைக்கு உளவளத்துணை கொடுப்பதற்கு முன்னால் சப்பாத்துக் கொடுக்க வேண்டும். கட்டாத காசுக்காக வகுப்பில் பெயர் வாசிக்கப்பட்டு அடுத்த நாள் வராமல் விட்ட பிள்ளையையும் எனக்குத் தெரியும். உயர்தரத்தில் இன்னொரு கதை: பாடசாலை நேரத்தில் டியூஷனுக்கோ வீட்டுப் படிப்புக்கோ என்று கூட்டமாகவே நின்றுவிடுகிறார்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை எப்படியாவது சமாளிக்கிறார்கள். அந்தப் பெரிய வெறுமைக்குள் உண்மையிலேயே மனம் உடைந்து நிற்கிற ஒரு பையனும் இருந்தால் யாருக்கும் தெரியாமல் போகிறது. எனக்குக் கவலையே அதுதான்.

காலத்தையும் மறக்கக் கூடாது. இப்போது இடைநிலை வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளில் பலர், கொரோனாவால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆரம்பப் பிரிவில் இருந்தவர்கள். திறந்து, மூடி, திரும்பத் திறந்து 2021 முடியும் வரை இழுபட்டது. 2022இல் பெற்றோல் டீசல் இல்லாமல் கொழும்பில் திரும்பவும் மூடினார்கள். ஒன்றாக விளையாடி, சண்டை பிடித்து, சமாதானமாகப் படிக்க வேண்டிய வயதில் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் இருந்தார்கள். எங்கும் இதே நிலைதான். இங்கிலாந்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வகுப்புகளைத் தவறவிடும் மாணவர்கள் கொரோனாவுக்கு முன்னால் ஏறத்தாழ 11 சதவீதம், 2022–23இல் 21 சதவீதத்துக்கு மேல். யப்பானில் வருடத்துக்கு 30 நாளோ அதற்கு மேலோ பாடசாலைக்குப் போகாத ஆரம்ப, கனிஷ்ட இடைநிலை மாணவர்கள் 2023 கல்வியாண்டில் 346,482 பேர். "நான் பிள்ளை வளர்த்தது பிழையோ" என்று இரவில் அழுகிற அம்மாமார் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

சரி, எப்போது வைத்தியரிடம் போவது? இரண்டு வாரத்துக்கு மேல் இவற்றில் சில சேர்ந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம்: முன்பு விரும்பியதில், அது வயலினாக இருக்கட்டும் கிரிக்கெட்டாக இருக்கட்டும், விருப்பம் விட்டுப்போவது, தூக்கமோ சாப்பாடோ தலைகீழாவது, சனி ஞாயிறுகூட அறையை விட்டு வராதது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் கவலையாக இருப்பார்கள். இந்த வயதுப் பிள்ளைகளிடம் அது பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். "வாய் கூடிப்போச்சு" என்று நாங்கள் சொல்கிற பிள்ளைகளில் சிலர் மனச்சோர்வில் இருக்கிறவர்கள். உங்கள் மகள் சனி ஞாயிறு நன்றாக இருக்கிறாள் என்பது எனக்கு ஆறுதலான செய்தி. அது மாறினால் உடனே கவனியுங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. பத்து மணிக்குப் படு என்றாலும் தூக்கம் வராது. எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து, பத்து மணிக்கு வீட்டுப்பாடம் முடிந்து, பதினொன்றரை வரை போனோடு இருந்து, ஐந்தரைக்கு எழும்புகிற பிள்ளைக்கு ஆறு மணித்தியாலம்தான் தூக்கம். தேவையோ எட்டில் இருந்து பத்து. தூக்கம் குறைந்த உடம்பில் பயம் இரண்டு மடங்காகத் தெரியும். போனை இரவு வரவேற்பறையில் சார்ஜில் போடுங்கள், உங்கள் போனையும் சேர்த்து.

பிள்ளை "செத்தால் நல்லம்" என்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், அல்லது கைகளில் வெட்டுக் காயம் கண்டால், அதை மிரட்டல் என்று எடுக்க வேண்டாம். நேராகக் கேளுங்கள்: "மகள், சாக வேணும் எண்டு நினைக்கிறீங்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே விதைத்துவிடுவோம் என்பது பிழையான பயம். கேட்கப்படும்போது பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறது. அன்றைக்குத் தனியாக விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், அதே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கே போவது? உங்களுக்குக் கிட்ட களுபோவில வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநல சேவை இருக்கிறது. இரண்டும் இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லுங்கள். யாராவது பிள்ளையை அடிப்பதோ, தொடக்கூடாத விதத்தில் தொடுவதோ காரணம் என்று தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. பாடசாலையில் உடல் தண்டனை கொடுக்கக்கூடாது என்று 2016இல் கல்வியமைச்சின் சுற்றுநிருபமே இருக்கிறது, அதிபரிடம் அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறீங்களா, பிள்ளைக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமா?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். தரம் 9 பிள்ளையின் வயிற்றுக்குத்துக்கு மருந்தெடுக்கப் போனதை யாருக்கும் அறிவிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பெரும்பாலும் அங்கே முதலில் மருந்து எழுத மாட்டார்கள். பிள்ளையோடும் உங்களோடும் கதைத்து, பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கப் பழக்குவார்கள்.

அந்தப் படிகளை வைத்தியர் வரும் வரை வைத்திருக்கத் தேவையில்லை, நீங்களும் வகுப்பாசிரியரும் சேர்ந்தே தொடங்கலாம். வகுப்பாசிரியரை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் பிடிக்காதீர்கள். பாடசாலை விட்ட பிறகு பத்து நிமிடம் தனியாகக் கேளுங்கள். "மகளுக்குப் பாடசாலை எண்டாப் பயமாக் கிடக்கு டீச்சர், கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வரப் பார்க்கிறம், உதவி செய்வீங்களா?" என்று கேட்டால் இல்லை என்று சொன்ன ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை. அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முதல் வாரம் இரண்டு பாடவேளை இருந்துவிட்டுப் போக அனுமதி. ஏலாமல் வந்தால் எழும்பிப் போய் உட்கார ஓர் இடம், நூலகம் என்றால் நல்லது. வகுப்பில் வைத்து "இவ்வளவு நாளும் எங்கே போனாய்?" என்று யாரும் கேட்காமல் இருப்பது. தவறிய இரண்டு மாதக் குறிப்பையும் ஒரேயடியாகக் கொப்பி பண்ணச் சொல்லாமல், மூன்று பாடத்தை மட்டும் முதலில் பிடிக்க விடச் சொல்லுங்கள்.

அவளுக்குப் பிடித்த ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, கேற்றடியில் நிற்கச் சொல்லுங்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கேற்றில் இருந்து வகுப்பறை வரைக்கும் உள்ள அந்த நூறு அடிதான் மலையாக இருந்தது. முதல் சில நாள் வானைத் தவிர்த்து நீங்களோ அப்பாவோ கொண்டுபோய் விடுங்கள். யார் மனம் அமைதியாக இருக்கிறாரோ அவர் போகட்டும். அம்மாவின் கண்ணில் கண்ணீர் கண்டால் பிள்ளையின் பயம் உறுதியாகிவிடும். அப்பாவுக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். 'நடிக்கிறாள்' என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா ஒருவர், கேற்றடியில் மகளின் கை தன் கைக்குள் குளிர்ந்துபோய் நடுங்கியதைக் கண்ட பிறகு என்னிடம் வந்து கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார்.

சட்டையை அயன் பண்ணுவது, காலுறை தேடுவது எல்லாம் முந்தின இரவே முடியட்டும். காலையில் "இண்டைக்குப் போவீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் பிள்ளையின் தலையில் ஒரு வழக்கை வைத்து, தீர்ப்பும் அவளே சொல்ல வேண்டும் என்று விடுகிறது. "இன்றைக்கு இரண்டு பாடம், ஒன்பது மணிக்கு அப்பா வந்து நிற்பார்" என்பது போதும். போக முடியாத நாளில் ஏசவும் வேண்டாம், விருந்து வைக்கவும் வேண்டாம். அதே நேரத்துக்கு எழும்பி, ஒன்றரை மணி வரைக்கும் போனும் தொலைக்காட்சியும் இல்லாமல், மேசையில் அந்த நாள் பாடத்தோடு இருக்கட்டும். இரண்டு பாடவேளை மூன்றாகி, மூன்று இடைவேளையையும் தாண்டி நீளட்டும். இடைவேளையைத் தாண்டும் நாள்தான் கடினமான நாள் என்று என் மனம் சொல்கிறது, டியூஷன் துப்பை வைத்துச் சொல்கிறேன். அந்த நாளுக்கு முன்னால் தோழியோடு எங்கே உட்காருவது, என்ன சாப்பிடுவது என்று வீட்டிலேயே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது காய்ச்சல் வந்து மூன்று நாள் நின்றால், அல்லது சித்திரைப் புதுவருட விடுமுறை முடிந்தால், வயிற்றுக்குத்து திரும்பி வரும். அது தோல்வி என்று நினைக்க வேண்டாம். திரும்பவும் இரண்டு பாடவேளையில் இருந்து தொடங்குங்கள், இந்த முறை கெதியாக ஏறும்.

5 வயதில் இருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதியைச் சொல்லி யாராவது உங்களைப் பயமுறுத்தினால், நீங்கள் பிள்ளையைக் கொண்டுவரத்தான் பாடுபடுகிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து, டொக்டரின் துண்டையும் இணைத்து அதிபரிடம் ஒரு பிரதி வையுங்கள்.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று யோசிப்பீர்கள். முகத்துக்கு முகம் உட்கார வைத்து "என்ன பிரச்சினை சொல்லு" என்றால் "ஒண்டும் இல்லை" என்றுதான் வரும். பின்னேரம் கடற்கரைப் பக்கம் ரயில் பாதையை ஒட்டி நடந்துகொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோ, பக்கத்துப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். "ஏன் போகவில்லை" என்று கேட்க வேண்டாம். "பாடசாலையில ஒரு நாளில எந்த நேரம் ஆகக் கஷ்டம்?" என்று கேளுங்கள். காரணம் அவளுக்கே தெரியாமல் இருக்கலாம், நேரம் தெரியும். சொல்லும்போது இடையில் புத்திமதி சொல்லாதீர்கள், அன்றைக்கே பாடசாலைக்கு ஓடிப்போய்ச் சண்டையும் பிடிக்காதீர்கள். "அது கஷ்டம்தான் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்தை உரியுங்கள், மிச்சம் நாளைக்கு வரும்.

கலண்டரில் வட்டம் போட்ட நாட்களையும் நேர அட்டவணையையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். மகளின் பெயரோ பாடசாலையின் பெயரோ எழுத வேண்டாம்.